ஊர்க்காரர்களை எழுதச் சொன்ன அமெரிக்க நாளிதழ்கள்

கேள்வி இது: 2004, 2005 வாக்கில் அமெரிக்காவின் உள்ளூர் நாளிதழ்கள் வாசகர்களே செய்தி எழுதிப் படம் போடும் தளங்களை வரிசையாகத் தொடங்கின. மக்கள் இதழியல் என்று பெரிதாகப் பேசப்பட்டது. அவை என்ன ஆயின? ஓடவில்லை என்றால் ஏன்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில ஓடின, பல படுத்துவிட்டன. ஓடிய இடங்களைப் பார்த்தால், ஊருக்குள் அலைந்து "எழுதிக் கொடுங்கள், படம் அனுப்புங்கள்" என்று கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர் இருந்திருப்பார். அப்படி வந்ததை அச்சடித்து வீட்டு வாசலில் போட்டிருப்பார்கள். தளத்தைத் திறந்து வைத்தால் சனம் தானாக வந்து எழுதும் என்று நம்பியவர்கள் பணத்தை விட்டார்கள். விவரங்கள் சுவையானவை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எல்லாரும் ஏன் ஒரே சமயத்தில் இதில் இறங்கினார்கள் என்பதைப் பார்ப்போம். அமெரிக்க நகர நாளிதழின் வருமானத்தில் வரி விளம்பரத்துக்கு அப்போது பெரிய பங்கு இருந்தது: வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு, ஆள் தேவை. சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணைய விளம்பரத் தளம் அதைப் பெரும்பாலும் இலவசமாக்கிவிட்டு ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் பெருகின. அங்கே புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நகர நாளிதழில் தங்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. எதற்காகச் சந்தா கட்டுவார்கள்?

இந்த நேரத்தில் தென்கொரியாவைப் பற்றிய பேச்சும் சேர்ந்துகொண்டது. ஓ யோன்-ஹோ என்ற பத்திரிகையாளர் 2000 பிப்ரவரி 22 அன்று 727 குடிமக்கள் நிருபர்களோடு ஓமைநியூஸ் தளத்தைத் தொடங்கியிருந்தார். 2002 அதிபர் தேர்தலில் வென்ற ரோ மூ-ஹியூன், வெற்றிக்குப் பிந்தைய முதல் பேட்டியைப் பெரிய நாளிதழ்களை விட்டுவிட்டு இதற்குக் கொடுத்தார். உலகம் முழுக்க ஆசிரியர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்தவர்களில் பலர் இரண்டு விஷயத்தைக் கவனிக்கவில்லை. அங்கே சம்பளத்துக்கு இருந்த துணையாசிரியர்கள் வந்த கட்டுரைகளைப் படித்து, திருத்தி, வேண்டாததைத் தள்ளினார்கள். வெளியானதற்குச் சிறு தொகையும் உண்டு. அதோடு, பெரிய கொரிய நாளிதழ்கள் மேல் இளைஞர்களுக்கு இருந்த அரசியல் கோபம்தான் அதை ஓட்டியது. கலிபோர்னியாவின் புறநகரில் யாருக்கும் அப்படி ஒரு கோபம் இல்லை.

பேக்கர்ஸ்ஃபீல்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கின் தென்கோடியில் எண்ணெய்க் கிணறும் பழத் தோட்டமுமாக உள்ள ஊர். அங்கே பல தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது ‘பேக்கர்ஸ்ஃபீல்ட் கலிபோர்னியன்’ நாளிதழ். பெரிய நாளிதழ்களிலும் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்திலும் வேலை பார்த்துவிட்டு வந்த மேரி லூ ஃபுல்டன், 2004 மே மாதத்தில் நகரத்தின் வடமேற்குப் பகுதிக்கு மட்டும் ‘நார்த்வெஸ்ட் வாய்ஸ்’ என்று ஒன்றைத் தொடங்கினார். நகரம் முழுவதற்கும் இல்லை, ஒரு மூலைக்கு மட்டும். அந்த அளவுதான் அதன் முதல் புத்திசாலித்தனம்.

தளத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், படம் ஏற்றலாம். வந்ததைத் தொகுத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அச்சடித்து அந்தப் பகுதி வீடுகளுக்கு இலவசமாகப் போட்டார்கள். வழக்கமாகத் தாளில் வந்ததை இணையத்தில் போடுவார்கள். இங்கே இணையத்தில் வந்தது தாளுக்குப் போனது. நிருபர் படை கிடையாது. இருந்தது பகுதி ஆசிரியர் ஒருவர். அவர் வேலை எழுதுவது அல்ல, எழுத வைப்பது. பள்ளிக்கூடத்துக்குப் போவார், தேவாலயத்துக்குப் போவார், குழந்தைகள் பேஸ்பால் ஆடும் மைதானத்தில் பெற்றோரோடு நிற்பார், "இந்தப் படத்தை எனக்கு அனுப்புங்களேன்" என்பார். பத்திரிகை அலுவலகத்துக்குக் கட்டுரை அனுப்பலாம் என்றே தெரியாத மனிதர்களை அனுப்ப வைப்பது தனித் திறமை. நம்மூர்ப் பத்திரிகைகளின் பகுதி நேர நிருபர்களில் நல்லவர்களுக்கு அது உண்டு. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அரிது.

விளம்பரக் கணக்கும் சரியாக அமைந்தது. முடிதிருத்தகம், பிட்சாக் கடை, நடனப் பள்ளி போன்றவை நகரம் முழுக்கப் போகும் நாளிதழில் விளம்பரம் கொடுக்க மாட்டா; கட்டணம் தாங்காது, படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைக்கு வரப்போவதும் இல்லை. சுற்றியுள்ள சில ஆயிரம் வீடுகளுக்கு மட்டும் போகும் தாள் என்றால் கதை வேறு. ஆக, செய்தி வந்தது தளத்தில் என்றாலும் காசு வந்தது தாளில். அந்தக் காலப் பேச்சில் எல்லாரும் தளத்தைப் பற்றியே பேசியதால் இது அடிபட்டுப் போயிற்று. அதே நிறுவனம் அடுத்து இளைஞர்களுக்கும் இசைக் குழுக்களுக்கும் ‘பேக்கோடோப்பியா’ என்ற தளத்தைத் தொடங்கியது. பிறகு யார் வேண்டுமானாலும் உள்ளூர் இதழ் ஒன்றை வடிவமைத்து அச்சிடும் ‘பிரின்ட்காஸ்டிங்’ திட்டத்துக்கு 2008-இல், இதழியல் முயற்சிகளுக்கு நிதி கொடுக்கும் நைட் அறக்கட்டளையிடம் 8,37,000 டாலர் வாங்கியது. அந்தத் திட்டம் நிலைக்கவில்லை.

தெற்கு கரோலினாவின் பிளஃப்டன் இன்னொரு நல்ல உதாரணம். ஹில்டன் ஹெட் தீவுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்றவர்கள் குடியேறிக்கொண்டிருந்த ஊர். 2005 ஏப்ரலில் மோரிஸ் என்ற நாளிதழ் நிறுவனம் அங்கே ‘பிளஃப்டன் டுடே’ என்று வீடு வீடாக இலவசமாகப் போடும் நாளிதழையும், பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் சொந்தப் பக்கமும் படத்தொகுப்பும் தரும் தளத்தையும் ஒன்றாகவே தொடங்கியது. பின்னால் இருந்து திட்டம் போட்டவர் ஸ்டீவ் யெல்விங்டன். அலுவலகத்து நிருபர்களும் அதே தளத்தில், ஊர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பெரிய வித்தியாசம் செய்தது. ஒரே கூடத்தில் ஆசிரியரும் உட்கார்ந்திருக்கிறார் என்றால் பேச்சின் தரம் தானாக ஏறும். ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த ஊர் என்பதால் எழுத நேரம் உள்ளவர்களுக்கும் பஞ்சமில்லை.

அந்தத் தளம் ஓடியது ட்ரூபலில். இணையதளம் கட்டப் பயன்படும் மென்பொருள் அது; அப்போது அது பெல்ஜிய மாணவர் ஒருவர் தொடங்கிய, பலர் கேள்விப்படாத ஒன்று. கான்சாஸ் மாநிலம் லாரன்ஸ் ஊரின் நாளிதழான ‘ஜர்னல்-வேர்ல்ட்’ அலுவலகத்தில் இருந்த இரண்டு நிரலாளர்கள் 2003-இல் தங்கள் தளங்களை வேகமாகக் கட்டுவதற்காக எழுதியதுதான் அதே வகையான ஜாங்கோ மென்பொருள். இன்ஸ்டாகிராம் அதன் மேல்தான் கட்டப்பட்டது. இணையம் வந்தபோது உள்ளூர் நாளிதழ்கள் தூங்கிவிட்டன என்று சொல்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

சரி, மக்கள் என்னதான் எழுதினார்கள்? இங்கேதான் இதழியல் பேராசிரியர்களுக்கு ஏமாற்றம். மிசௌரி பல்கலைக்கழக இதழியல் பள்ளியில் கிளைட் பென்ட்லி தன் மாணவர்களோடு 2004 அக்டோபரில் ‘மைமிசௌரியன்’ தளத்தைத் தொடங்கினார். தேர்தல் சமயம், அரசியல் கட்டுரைகள் குவியும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. குவிந்தவை நாய், பூனை, குழந்தைகள், சாமி நம்பிக்கை. பேக்கர்ஸ்ஃபீல்டிலும் அதே கதைதான். நகர சபைக் கூட்டத்துக்குப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுத்து யாரும் சும்மா எழுதித் தரவில்லை. மகன் அடித்த கோலைப் பற்றி அப்பா பக்கம் பக்கமாக எழுதினார்.

இதைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கியவர்களின் படம், யார் வீட்டு நாய் காணோம், எந்தச் சாலையில் பள்ளம் என்பதெல்லாம் ஒருகாலத்தில் சிற்றூர் வார இதழ்களில் வந்துகொண்டிருந்த செய்திகள். நகர நாளிதழ்கள் பெரிதானபோது "இது செய்தியா?" என்று கைவிட்டன. அதை மீட்டெடுத்தது நல்லதுதான். ஆனால் அதற்கு இதழியல் என்று பெயர் வைத்து, இனி நிருபர்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டால் அது மோசடி. மகனின் ஆட்டத்தை எழுதும் அப்பாவை யாரும் சுரண்டவில்லை. சபைக் கூட்டத்துக்குப் போய்வந்த நிருபரை அனுப்பிவிட்டு அந்த அப்பாவைக் காட்டுவதுதான் தப்பு.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதிகம் பேசப்படாததால் சொல்கிறேன். அமெரிக்காவின் 1996 தகவல் தொடர்புச் சட்டத்தில் 230-ஆம் பிரிவு, பிறர் எழுதிப் போட்டதற்குத் தளம் நடத்துபவர் பதிப்பாளராகப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்கிறது. கெட்டதை நீக்கினாலும் அந்தப் பாதுகாப்பு போகாது. அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பதிவுகளைக் கண்காணித்து நீக்கியதாலேயே பிராடிஜி என்ற இணையச் சேவை நிறுவனம் பதிப்பாளர் ஆகிறது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தப் பழைய பயம் பல நாளிதழ்களில் நீண்ட நாள் தங்கிவிட்டது. "கையே வைக்காதீர்கள், வைத்தால் பொறுப்பு நம்முடையது" என்றிருந்தார்கள். விளைவு, வசை பேசுபவர்கள் ஆண்டார்கள், நல்லவர்கள் போய்விட்டார்கள்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு இணையத்துக்கு மட்டும்தான். அதே வரியை எடுத்துத் தாளில் அச்சடித்தால், அவதூறு வழக்கில் நாளிதழ்தான் நிற்க வேண்டும். ஆகவே வாய்ஸ், பிளஃப்டன் டுடே போன்றவற்றில் தாளுக்குப் போகும் ஒவ்வொன்றையும் யாராவது படித்தாக வேண்டிய கட்டாயம். அந்தக் கட்டாயம் தரத்தையும் காப்பாற்றிக் கொடுத்தது என்று நினைக்கிறேன். கண்காணிப்பே இல்லாமல் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ சாட்சி. 2005 ஜூனில் இராக் போர் பற்றிய தலையங்கம் ஒன்றை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்தார்கள். ஆபாசப் படங்கள் வந்து விழுந்தன. சில நாளிலேயே மூடிவிட்டார்கள்.

இப்போது விழுந்தவர்களைப் பார்ப்போம். டென்வரில் ‘ராக்கி மவுன்டன் நியூஸ்’ 2005-இல் ‘யுவர்ஹப்’ தொடங்கியது. சுற்றுவட்டார ஊர்கள் நாற்பது வரை ஆளுக்கொரு பக்கம், வாரம் ஒரு அச்சு இணைப்பு. பேக்கர்ஸ்ஃபீல்டின் முறைதான், ஆனால் ஒரேயடியாக அகலக்கால். ஓரளவு ஓடவும் செய்தது. 2009 பிப்ரவரி 27 அன்று அந்த நாளிதழே மூடப்பட்டது, 150 ஆண்டு நிறைவுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில். யுவர்ஹப் போட்டியாளரான ‘டென்வர் போஸ்ட்’டின் கைக்குப் போய், காலப்போக்கில் சம்பள நிருபர்களே எழுதும் இணைப்பாகிவிட்டது.

வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இரண்டு விழுந்தன. ‘பேக்ஃபென்ஸ்’ என்பது நாளிதழ் எதையும் சாராத நிறுவனம். 30 லட்சம் டாலர் முதலீட்டோடு 2005-இல் வர்ஜீனியாவின் ரெஸ்டன், மக்லீன் ஊர்களில் தொடங்கி 13 ஊர் வரை போய் 2007-இல் மூடியது. தாளும் இல்லை, ஊருக்குள் ஏற்கெனவே பெயரும் இல்லை. ‘வாஷிங்டன் போஸ்ட்’ தொடங்கிய ‘லவுடன்எக்ஸ்ட்ரா’வுக்கு இரண்டுக்கும் குறையில்லை. 2007 ஜூலையில் அதைக் கட்டியவர் ராப் கர்லி, லாரன்ஸ் ஊரில் பெயர் வாங்கியவர், அந்தத் துறையில் அப்போது நட்சத்திரம். பள்ளி விளையாட்டுப் புள்ளிவிவரம், உணவக விவரம், வழிபாட்டுத் தலங்கள் என்று அருமையான தளம். இரண்டு ஆண்டில் போயிற்று. மாவட்டம் பெரிது, ஒரு மூலைக்காரருக்கு மறு மூலையைப் பற்றி அக்கறை இல்லை. ஊர்ச் சங்கங்களுக்குப் போய்ப் பேசி, பழகி, அறிமுகப்படுத்தும் வேலையைத் தன் குழு போதிய அளவு செய்யவில்லை என்று கர்லியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். பணம், பெயர், தொழில்நுட்பம் எல்லாம் இருந்தும் கேட்பதற்கு ஆள் போகவில்லை. என் கட்சிக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது.

ஆள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. இணையச் சமூகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். இது துல்லியமான விதி அல்ல, தோராயம். ஆனாலும் பொருத்திப் பாருங்கள். கோடிக் கணக்கில் ஆட்கள் வரும் தளத்துக்கு அந்த ஒரு சதவீதம் பெரும்படை. இரண்டாயிரம் பேர் எட்டிப் பார்க்கும் புறநகர்த் தளத்துக்கோ அது இருபது பேர். அதில் நான்கு பேர் தேர்தல் சண்டைக்காரர்கள், மூன்று பேர் வீட்டு மனை விற்பவர்கள். மிச்சம் உள்ளவர்களை வைத்து ஊரைக் காட்ட முடியாது. மற்றவர்களைப் போய்த்தான் அழைத்து வர வேண்டும்.

மக்கள் உண்மையிலேயே இதழியல் செய்த இடமே இல்லையா? உண்டு. எனக்குப் பிடித்தது புளோரிடாவின் ஃபோர்ட் மயர்ஸ். 2006-இல் பக்கத்து ஊரான கேப் கோரலில் புதிய குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கு வீட்டுக்காரர்களிடம் பெருந்தொகை கேட்டார்கள். சிலருக்கு 28,000 டாலர் வரை. ‘நியூஸ்-பிரஸ்’ நாளிதழுக்குப் புகார் மேல் புகார். வழக்கமாக நிருபர் ஒருவர் மாதக்கணக்கில் தோண்டிவிட்டுப் பிறகு எழுதுவார். இவர்கள் முதல் நாளே தளத்தில் போட்டுவிட்டார்கள்: தொகை ஏன் இவ்வளவு என்று கண்டுபிடிக்க உதவுங்கள் என்று. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் வரைபடங்களைப் பிரித்துப் பார்த்தார்கள், கணக்காளர்கள் வரவு செலவைக் குடைந்தார்கள், உள்ளே இருந்த யாரோ ஆவணங்களைக் கொடுத்தார்கள். நகர நிர்வாகம் கட்டணத்தை 30 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது கேள்வியின் அமைப்பு. "உங்கள் ஊரைப் பற்றி ஏதாவது எழுதுங்கள்" என்று கேட்டால் நாய்ப் படம்தான் வரும், அது நியாயமும்கூட. "இந்த ரசீதில் இந்தத் தொகை ஏன் வந்தது, உங்களில் குழாய்ப் பொறியியல் தெரிந்தவர் யார்?" என்று கேட்டால் அறிவு வரும். வாசகரை நிருபராக்கப் பார்க்காமல், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த தொழிலைக் கடனாக வாங்கினார்கள். சரிபார்ப்பதும் எழுதுவதும் நிருபர்களிடமே இருந்தன.

கத்ரீனா புயலைப் பற்றியும் இரண்டு வரி. 2005 ஆகஸ்ட் கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது ‘டைம்ஸ்-பிகாயுன்’ ஊழியர்கள் நாளிதழ் விநியோக லாரிகளில் ஏறித் தப்பினார்கள். அச்சு சில நாள் நின்றது, தளம் நிற்கவில்லை. மாடியில் சிக்கியவர்களின் முகவரியை வெளியூரில் இருந்த சொந்தக்காரர்கள் அங்கே எழுதினார்கள், மீட்புப் பணியில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அந்த நாளிதழுக்கு 2006-இல் இரண்டு புலிட்சர் பரிசுகள் கிடைத்தன. பேரிடரில் மட்டும் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் எல்லாம் அடங்கிற்று என்றால், இரண்டு அடி ஒன்றாக விழுந்தது. 2005-க்கும் 2009-க்கும் இடையில் அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. செலவைக் குறைக்கும்போது முதலில் கண்ணில் படுபவர், எதுவும் எழுதாமல் ஊர் சுற்றுகிறாரே அந்தப் பகுதி ஆசிரியர். அவர் போன சில மாதத்தில் தளம் காய்ந்துவிடும். அடுத்து, 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. குழந்தை படமும் நாய்ப் படமும் நேரே அங்கே போயின. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டார் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். பணக்கார நிறுவனம் வந்தால் நிலைமை மாறுமா என்றால், ஏஓஎல் அதையும் செய்து பார்த்தது. 2009-இல் ‘பேட்ச்’ என்ற உள்ளூர்ச் செய்தித் தள நிறுவனத்தை வாங்கிச் சுமார் 900 ஊர்களுக்கு விரித்தது. ஊருக்கு ஒரு ஆசிரியர், ஆனால் அவரே எழுத வேண்டும், படம் எடுக்க வேண்டும், நாளுக்கு இத்தனை பதிவு போட வேண்டும். பழக நேரம் எங்கே? 2014 தொடக்கத்தில் பெரும்பங்கைக் கைமாற்றிவிட்டது, நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

ஃபேஸ்புக் எடுத்துக்கொள்ளாத ஒன்று மிச்சம் இருந்தது: அந்த மூன்று மணி நேரச் சபைக் கூட்டம். அதற்கு இப்போது ஆள் போகும் இடம் என்றால் சிகாகோவில் 2015-இல் தொடங்கிய ‘சிட்டி பீரோ’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் ‘டாக்குமென்டர்ஸ்’ திட்டம். ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளி வாரியம், காவல் குழு, நீர் வாரியம் என்று பொதுக் கூட்டங்களுக்கு அனுப்பி, குறிப்பெடுக்க வைக்கிறார்கள். குறிப்புகளைச் சரிபார்த்துப் பொதுவில் போடுகிறார்கள். டெட்ராய்ட், கிளீவ்லாண்ட் என்று வேறு நகரங்களுக்கும் பரவியிருக்கிறது. போய் உட்கார்ந்து எழுதுபவருக்கு மணிக்கணக்கில் கூலியும் உண்டு. 2004-இல் இதைச் சொல்லியிருந்தால், மக்கள் இதழியலுக்குக் காசு கொடுப்பதா என்று சிரித்திருப்பார்கள்.